ஞாபகத்தின் கதவு

நரம்புக்கல மென்சவ்விலுள்ள அயன் கால்வாய்களை நாம் பரீட்சைக்காகப் பாடமாக்குகிறோம். அவற்றில் ஒன்று சரியாகத் திறக்காவிட்டால் அந்தப் பாடமே மனதில் நிற்காது!

அதன் பெயர் என்.எம்.டி.ஏ. வாங்கி. சாதாரண வேளையில் ஒரு மக்னீசியம் அயன் அதன் வாயை அடைத்திருக்கும். பக்கத்துக் கலம் குளுத்தமேற்றைச் சுரந்து, இந்தக் கலமும் தூண்டப்பட்டால்தான் அடைப்பு விலகும். அப்போது கல்சியம் உள்ளே புகும். இரு கலங்களின் இணைப்பு வலுப்படும். கற்றல் என்பது பெரும்பாலும் இதுதான். அல்சைமர் நோயிலோ கல்சியம் அளவு மீறிப் புகுந்து கலத்தையே கொல்கிறது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மெமன்டீன் என்ற மருந்து அந்த மிகையைத் தடுக்கிறது, நோயைக் குணமாக்குவதில்லை. என் உம்மம்மா குடிப்பதும் அதுதான். சில நாட்களில் என்னைத் தன் தங்கை என நினைத்துக் கூப்பிடுவார்.

உயிருள்ளவரின் மூளையை வெட்டி ஆராய முடியாது. சாதாரண எலிகளுக்கு இந்நோய் வருவதுமில்லை. பிறகு எங்கே பார்ப்பது?

ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006இல் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எலியின் முதிர்ந்த கலத்தை ஸ்டெம் செல் எனப்படும் மூலக்கலம் போலாக்கினார். 2007இல் மனிதத் தோற்கலத்திலும் அது கைகூடியது. 2012இல் நோபல் பரிசு. இன்று நோயாளியின் தோலிலிருந்தே நரம்புக்கலங்களை வளர்த்து, கல்சியம் புகுவதை நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். ஆனால், தோற்கலம் மூலக்கலமாகும்போது அதன் முதுமையின் அடையாளங்களும் பெருமளவு அழிந்துவிடுகின்றன. எழுபது வயதின் நோயை இளங்கலத்தில் தேடவேண்டியிருக்கிறது.