என் ஊசியை நானே போட்டுக்கொண்டேன்

ஐ.வி.எஃப் சிகிச்சையில் முட்டைகளை வளர்க்கும் ஹார்மோன் ஊசியைத் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போடவேண்டும். தென்காசிப் பக்கம் இருக்கும் நான் அதற்காக நாள்தோறும் மதுரையிலுள்ள மருத்துவமனைக்குப் போய்வர முடியாது. பக்கத்து கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சிஸ்டர் வரும் நேரம் நம் கையில் இல்லை, ‘இது எதுக்கும்மா?’ என்ற கேள்வி வேறு. நானே கற்றுக்கொண்டேன். இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

முதல் ஊசியைச் சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே போடுங்கள். மருந்து கலக்குவதை உங்கள் போனில் வீடியோ எடுக்கலாமா என்று கேளுங்கள். பேனா வடிவில் வரும் மருந்து எளிது: அளவைத் திருப்பிவைத்து, குத்தி, பொத்தானை அழுத்தி, பத்து வரை எண்ணியபிறகு எடுக்கவேண்டும். கடைசியில் 0 வராமல் வேறு எண் நின்றால் பேனா தீர்ந்துவிட்டது, அவ்வளவு மருந்து இன்னும் போகவேண்டும் என்று பொருள். குப்பியில் தூளாக வரும் எச்.எம்.ஜி. என்ற ஹார்மோன் மருந்துதான் பொறுமை கேட்கும். கூட வரும் திரவத்தைப் பெரிய ஊசியால் உள்ளே விட்டு, குலுக்காமல் மெல்லச் சுழற்றி, தெளிந்தபின் உறிஞ்சி, மெல்லிய ஊசிக்கு மாற்றவேண்டும். பெரிய ஊசியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது கலக்குவதற்குத்தான், உடம்பில் படாது.

இந்த மருந்தின் கதை எனக்குப் பலம் தந்தது. ஆரம்பத்தில் இத்தாலியில், மாதவிடாய் நின்ற கன்னியாஸ்திரீகளின் சிறுநீரிலிருந்து இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்கு இந்த ஊசியே கிடையாது; இயற்கையாக வளர்ந்த ஒற்றை முட்டைதான். அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி ஹார்மோன் ஊசியால் முட்டைகளை வளர்த்து வெற்றி கண்டார். அவரை நம்பாமல் அலைக்கழித்தார்கள். 1981இல் தற்கொலை செய்துகொண்டார். ஊசியை எடுக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்துப் போடவேண்டும். இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். துடைத்த ஸ்பிரிட் காயட்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும். சில நாள் கழித்து, முட்டை முன்கூட்டியே வெடிக்காமல் தடுக்க இன்னொரு ஊசி சேரும். அது போட்ட இடம் சிவந்து அரிக்கும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். உடம்பெல்லாம் தடித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நம்மூர் வெயிலில் மருந்தை வெளியே வைக்கவேண்டாம். 2 முதல் 8 டிகிரி என்று அட்டையில் போட்டிருந்தால் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைந்த மருந்து பயன்படாது. பஸ்ஸில் கொண்டுவரும்போது ஐஸ் பையின் மேல் துணி சுற்றுங்கள். மாமியார், நாத்தனார் கண்ணில் படக்கூடாதென்று பாத்ரூமில் நின்றபடி போட்டுக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். மனசு வலிக்கிறது. இந்த வேலைக்கு மேஜையும் வெளிச்சமும் அவசரமில்லாத கையும் வேண்டும். கணவர் மருந்து கலக்கக் கற்றுக்கொள்ளட்டும். என் கணவர் சீட்டிலுள்ள அளவைச் சத்தமாக வாசிப்பார். நான் சரிபார்த்த பிறகே ஊசி.

முட்டைகளை முதிரவைக்கக் கடைசியில் வரும் ட்ரிக்கர் ஊசிக்கு மட்டும் நேரத்தில் விட்டுக்கொடுப்பே இல்லை. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். இரவு பத்து மணிக்கு என்றால் பத்து மணிக்கேதான். தவறினால் மறைக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். ட்ரிக்கர் ஊசிக்கு அப்புறம் வயிறு வேகமாக உப்பினாலும், எடை ஏறினாலும், சிறுநீர் குறைந்தாலும், மூச்சு வாங்கினாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறிகள் அவை.

பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால், அதைப் பிரிக்கிற தூய்மைப் பணியாளர் கையில் குத்தும்.