அழகிய கடன்

வெள்ளமோ கலவரமோ கடையை அழித்துவிட்டால், நேற்றுவரை ஜகாத் கொடுத்தவர் இன்று கைநீட்டக் கூசுகிறார். அவர் கேட்பது தானமன்று, வட்டியில்லா முதல்.

2001-ல் லாஹூரில் டாக்டர் அம்ஜத் ஸாகிபும் நண்பர்களும் ஒரு விதவைக்கு 10,000 ரூபாய் கடன் கொடுத்தனர். அம்மாது தைத்துப் பிழைத்துத் திருப்பிச் செலுத்தினார். பணம் அடுத்தவருக்குப் போயிற்று. 'சகோதரத்துவம்' எனப் பொருள்படும் 'அகூவத்' அமைப்பு இப்படித்தான் பிறந்தது. பள்ளிவாசல்களிலேயே அது கடன் வழங்கி வந்துள்ளது.

நாமும் கொடுப்போம். அல்பகரா 282-ஆம் வசனம் கற்பிப்பதுபோல் தவணையை எழுதிச் சாட்சி வைப்போம். வாங்கியவர் நொடித்துப்போனால், 280-ஆம் வசனம் கூறுகிறபடி அவகாசம் அளிப்போம். தள்ளுபடி செய்வது அதனினும் மேல். கடனை முன்னிட்டு வரும் அன்பளிப்பையும் தவிர்ப்போம். வட்டி அவ்வழியாகவும் நுழையும்.

நம் பீரோவில் உறங்கும் தொகை யாருடைய கடையைத் திறக்கும்? சிந்திப்போம். அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.