வெட்ஜ் வாங்கும் முன் பிட்சிங் வெட்ஜை அளந்துவிடுங்கள்

வெட்ஜ் வாங்கப் போகிறேன், 52, 56, 60 எடுக்கலாமா என்று கோல்ஃப் நண்பர்கள் யாராவது கேட்டால், பதிலுக்கு நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: உங்கள் பிட்சிங் வெட்ஜ் எத்தனை டிகிரி? பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்காது. ஐயன் செட்டோடு வந்தது, அடியில் ‘பி’ என்று பொறித்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். ஆனால் கொடிக்கு 120 யார்டுக்குள் நின்று அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் கணக்கு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கும் வெட்ஜ் எவ்வளவு நல்ல வெட்ஜாக இருந்தாலும் பையில் பொருந்தாமல் போகலாம்.

1980களில் பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, 48 முதல் 50 டிகிரி வரை இருந்தது. சேண்ட் வெட்ஜ் 55, 56. இடையில் ஆறேழு டிகிரிதான் வித்தியாசம் என்பதால் இரண்டே வெட்ஜோடு பலர் காலம் தள்ளினார்கள். பிறகு ஐயன்களின் முகம் மெலிந்தது, எடை அடிப்பாகத்துக்குப் போனது, பந்து சுலபமாக எழும்பத் தொடங்கியது. உயரம் குறையாது என்ற தைரியத்தில் தயாரிப்பாளர்கள் லாஃப்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், தூரம் கூடியது. இன்று தூரத்தைச் சொல்லியே விற்கும் செட்டுகளில் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி. அதற்கும் கீழே போனவையும் உண்டு. அந்தக் காலத்தில் ஒன்பதாம் ஐயனுக்கு இருந்த லாஃப்ட் இது. சேண்ட் வெட்ஜ் மட்டும் 56லேயே நின்றுவிட்டது, ஏனென்றால் மணலிலிருந்து பந்தைத் தூக்க அந்தச் சாய்வு வேண்டும். நடுவே 13 டிகிரி காலியாகக் கிடக்கிறது.

இந்த இடைவெளி களத்தில் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். சென்னை நந்தனத்தில் காஸ்மோ மைதானத்தில் காலையில் என்னோடு ஆடுபவர்களில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நிதானமான ஸ்விங், நேரான பந்து. புதிதாக வாங்கிய செட்டில் பிட்சிங் வெட்ஜ் 43. கூடவே பழைய 56 டிகிரி சேண்ட் வெட்ஜ். முன்னதில் முழு அடி 96 யார்டு, பின்னதில் 70. கேடி வந்து, “சார், கொடிக்கு 84. காத்து இல்ல. எதக் குடுக்கட்டும்?” என்று கேட்டால் கொடுப்பதற்குப் பையில் ஒன்றும் இல்லை. 43ஐ அடக்கி அடித்தால் பந்து தாழ்வாகப் போய் கிரீனில் நிற்காமல் பின்பக்கம் இறங்கிவிடும். 56ஐ முழு பலத்தோடு அடித்தால் வானத்துக்கு ஏறி, முன்னால் இருக்கும் பங்கரில் விழும். “தம்பி, மூணு வெட்ஜ் வாங்கணும்ங்கறாங்களே, நெஜமாவா?” என்று கேட்டார். ஒன்று போதும் சார், 50 டிகிரியில் எடுங்கள் என்றேன். அவர் கையில் அது 83 யார்டு போகிறது. 96, 83, 70 என்று வரிசை அமைந்துவிட்டது. வேறு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

அதே மைதானத்தில் ஒரு கல்லூரி மாணவன். பிட்சிங் வெட்ஜ் 46 டிகிரி, முழு அடி 135 யார்டு. அவனுக்கு 50, 54, 58 என்று மூன்று வெட்ஜ் சொன்னேன். “அங்கிள், அவருக்கு ஆறேழு டிகிரி தள்ளிச் சொன்னீங்க. எனக்கு மட்டும் ஏன் நாலு?” என்று கேட்டான். சரியான கேள்வி. வேகமாக அடிப்பவருக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் தூர வித்தியாசம் அதிகம். நடுத்தர வேகத்தில் 4 டிகிரி என்பது ஏறக்குறைய 10 முதல் 12 யார்டு. அந்தப் பெரியவருக்கு அது 8 யார்டுதான். இந்தப் பையனுக்கு 14. பெரியவர் 4 டிகிரிக்கு ஒன்றாக வாங்கினால் இரண்டு வெட்ஜும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் பந்தைப் போடும். பையன் 6 டிகிரி விட்டால் 20 யார்டுக்கு மேல் ஓட்டை விழும். ஆகவே டிகிரியைச் சமமாகப் பிரிப்பது இலக்கு அல்ல. அடுத்தடுத்த இரண்டு கிளப்புகளுக்கு நடுவே உங்கள் ஸ்விங்கில் 10 முதல் 15 யார்டு வரவேண்டும். அதற்கு எத்தனை டிகிரி தேவையோ அத்தனை.

இதற்கு அளவு வேண்டும், அதுவும் ஒழுங்கான அளவு. கேரி என்பது பந்து காற்றில் போய் முதலில் தரையைத் தொடும் தூரம். உருண்டு நின்ற தூரம் அல்ல. வெட்ஜ் விஷயத்தில் கேரியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சித் திடலில் கொடுக்கும் தேய்ந்த பந்துகளை நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் குறைவாகத்தான் போகும். நீங்கள் ஆடும் பந்திலேயே பத்துப் பன்னிரண்டு எடுத்துக்கொண்டு, மைதானத்தில் அனுமதி வாங்கி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அடியுங்கள். சென்னையில் விடியற்காலைதான் சரி. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பிவிட்டால் உயரப் போகும் வெட்ஜ் பந்தைத் தள்ளியோ நிறுத்தியோ கணக்கையே குலைத்துவிடும். ஒவ்வொரு வெட்ஜிலும் பத்து அடி. நண்பர் ஒருவர் பந்து விழும் பக்கம் ஓரமாக நின்று, குழி விழுந்த இடத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். லேசர் தூரமானியில் படித்துக்கொள்ளலாம். மிகத் தூரம் போன ஒன்றையும், பந்தின் தலையில் பட்டுச் செத்துப்போன ஒன்றையும் தள்ளிவிட்டு மீதியின் நடுத்தூரத்தை எடுங்கள். நம் மனசுக்குப் பிடித்த எண் எப்போதும் அந்த மிகத் தூரம் போன பந்தினுடையது; வெட்ஜ் தேர்வில் பாதிக் குழப்பம் அங்கேதான் வருகிறது. பந்தின் தூரத்தை அளக்கும் ட்ராக்மேன் போன்ற கருவி உள்ள இடம் கிடைத்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் கருவி இல்லை என்பதற்காக அளக்காமல் இருக்க வேண்டியதில்லை.

பிட்சிங் வெட்ஜுக்கு அடுத்த கிளப்பை, அதாவது கேப் வெட்ஜை, எங்கிருந்து வாங்குவது? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உங்கள் ஐயன்கள் குழிவான முதுகு உள்ளவை என்றால், அதே செட்டில் வரும் கேப் வெட்ஜையே வாங்குங்கள். அந்தக் கிளப்பை நாம் பெரும்பாலும் முழு ஸ்விங்கில்தான் அடிக்கிறோம். பந்து நடுவில் படாவிட்டாலும் மன்னிக்கும் தலை அங்கே உதவும். ஷாஃப்டும் எடையும் ஐயனோடு ஒத்துப்போகும். தனி வெட்ஜாக வரும் சிறிய பிளேடு தலைகள் அழகானவை, கிரீனைச் சுற்றி முகத்தைத் திறந்து ஆட அவைதான் வசதி. அதனால் 54, 56க்கு மேல் அவற்றுக்குப் போகலாம். லேசான கிராஃபைட் ஷாஃப்டு ஐயனிலிருந்து சட்டென்று கனமான ஸ்டீல் வெட்ஜுக்குத் தாவினால் கை தடுமாறும், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

லாஃப்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் பவுன்ஸைப் பார்க்காமலே வாங்கிவிடுகிறார்கள். 56க்குப் பக்கத்தில் 10 அல்லது 12 என்று பொறித்திருக்குமே, அதுதான். கிளப்பின் அடிப்பாகம், முன்விளிம்பைவிடப் பின்னால் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதன் கோணம். அது இருப்பதால்தான் கிளப் மணலிலோ மண்ணிலோ புதைந்து நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சரசன் நிப்ளிக் என்ற பழைய ஐயனின் அடியில் ஈயப்பற்று வைத்து இதைச் செய்து பார்த்தார். அந்தக் கிளப்போடு 1932ல் இங்கிலாந்தின் பிரின்ஸஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். அதற்கு முன்பு மணலில் விழுந்த பந்து என்றால் சாம்பியன்களுக்கே கலக்கம்.

நம் ஊரில் பவுன்ஸ் தேர்வு இரண்டு பருவத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் புல் ஒட்டக் கிடக்கும், அடியில் தரை கட்டாந்தரையாக இறுகியிருக்கும். பவுன்ஸ் அதிகமான கிளப் தரையில் மோதி எகிறி, பந்தின் வயிற்றில் இடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே இடம் சதசதவென்று ஆகிவிடும். பவுன்ஸ் குறைந்த கிளப் மண்ணைத் தோண்டிக்கொண்டு நின்றுவிடும். செங்குத்தாக இறங்கி அடிப்பவர்கள், பெரிய மண்சில்லைப் பெயர்ப்பவர்கள் பவுன்ஸ் கூடுதலாக எடுக்கட்டும். நான் சொல்லும் பொது ஏற்பாடு: சேண்ட் வெட்ஜ் 10 அல்லது 12, அதற்கு மேலே உள்ள வெட்ஜ் 6 அல்லது 8. மணலும் ஈரமும் முன்னதற்கு, இறுகிய தரை பின்னதற்கு.

60 டிகிரி லாப் வெட்ஜ் எல்லோருக்கும் ஆசை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் டாம் கைட் அதைப் பையில் வைத்து ஆடியபோது அது புதுமை. இன்று தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரிடம் உண்டு. அவர்களுடைய பயிற்சி நேரம் நம்மிடம் இல்லை. ஹேண்டிகேப் 18க்கு மேல் இருப்பவர்கள் அதைத் தவிர்க்கலாம் என்பதே என் எண்ணம். முகம் அவ்வளவு சாய்ந்த கிளப்பில் பந்து கொஞ்சம் மேலே பட்டாலும் நேர் உயரே போய்க் காலடிக்குப் பக்கத்தில் விழும். உயரம் வேண்டுமென்றால் 56ன் முகத்தைத் திறந்து ஆடப் பழகுங்கள், அல்லது 58ல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முழு அடிகளுக்கு நடுவே விழும் சின்ன இடைவெளிகளுக்குப் புதுக் கிளப் வேண்டாம். பயிற்சியாளர் டேவ் பெல்ஸ் சொல்லிக்கொடுத்த கடிகார முறை போதும்: இடது கை கடிகார முள் என்று நினைத்து, அதை ஏழரை மணிவரை, ஒன்பது மணிவரை, பத்தரை மணிவரை பின்னால் கொண்டுபோய் ஒரே சீராக அடிப்பது. மூன்று வெட்ஜுக்கு மூன்று நீளம் என்றால் ஒன்பது தூரங்கள். அவற்றையும் விடியற்காலையில் அளந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மேலே டேப் ஒட்டி ஷாஃப்டில் சுற்றிவிடுங்கள். அந்த மாணவனின் 54ல் ‘107 / 88 / 64’ என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அவன் கேடி இப்போதெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் கிளப்பை நீட்டுகிறார்.

பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது. அமெரிக்காவில் 1938லும் பிரிட்டனில் அடுத்த ஆண்டும் வந்த விதி. நாலாவது வெட்ஜ் உள்ளே வந்தால் ஏதோ ஒன்று வெளியே போயாக வேண்டும். நம்மில் பலரிடம் சும்மா பயணம் செய்துகொண்டிருப்பது மேல்கோடியில் உள்ள நீண்ட ஐயன்தான். கடைசியாக எப்போது அதை எடுத்தீர்கள் என்று ஸ்கோர் கார்டைப் பார்த்து யோசியுங்கள். மாணவன் தன் மூன்றாம் ஐயனை வீட்டில் வைத்துவிட்டான். பெரியவருக்கு எதையும் எடுக்க வேண்டி வரவில்லை.

ஊட்டிக்குப் போய் ஆடுபவர்கள் காகிதத்தில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிம்கானா மைதானம் 2,200 மீட்டர் உயரத்தை ஒட்டியது. காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்து கூடுதலாகப் போகும், குறைந்த லாஃப்டில் அதிகமாக, உயர்ந்த லாஃப்டில் கொஞ்சமாக. அதனால் சென்னையில் ஒழுங்காக இருந்த இடைவெளிகள் அங்கே சற்று விரியும். கிரீனில் விழும் கோணமும் தாழ்ந்து, பந்து கூட இரண்டடி ஓடும். முதல் நாள் மாலை கொஞ்ச நேரம் வெட்ஜ் மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு மறுநாள் ஆட்டத்துக்குப் போவது என் வழக்கம்.

கடைசியாக, பொறித்த எண்ணும் உண்மையான லாஃப்டும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புதுக் கிளப்பிலேயே ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம். பாய் விரித்த பயிற்சித் திடலில் அடித்து அடித்தும் மாறும். 50 என்று வாங்கியது 51ஆகவும், 54 என்று வாங்கியது 53ஆகவும் இருந்தால் நாலு டிகிரி இரண்டாகிவிடுகிறது. லாஃப்ட் அளக்கும் இயந்திரம் வைத்திருக்கும் கிளப் ரிப்பேர் கடையில் வருடம் ஒருமுறை காட்டுங்கள். ஃபோர்ஜ் செய்த தலைகளை ஒன்றிரண்டு டிகிரி வளைத்துத் தருவார்கள். வார்ப்புத் தலை என்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சில உடையும். லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும், ஏற்றினால் ஏறும். வளைத்து வாங்கியதும் பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி அளந்து எழுதுங்கள்.