கண்ணைப் பார்த்து உறவு சொல்லாதே

அன்பு மருமகள் கயல்விழிக்கு,

உன் கட்டுரை வந்தது. தென் அமெரிக்க ஆந்தை வண்ணத்துப்பூச்சியையும் வடகிழக்குச் சீனப் பாறையில் கிடைத்த ஓரகிராமா என்ற புதைபடிவப் பூச்சியையும் அருகருகே ஒட்டியிருக்கிறாயே, பார்த்ததும் எனக்கே மலைப்புதான். இரண்டின் இறக்கையிலும் அதே வட்டக் கண். ஆனால் அடுத்த வரியிலேயே 'இதிலிருந்துதான் அது வந்தது' என்று முடித்துவிட்டாய். அங்கேதான் இடிக்கிறது.

ஓரகிராமா கண்ணாடி இறக்கைப் பூச்சிக் கூட்டம். மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் நம் குழிநரியும் அந்த வரிசைதான். வண்ணத்துப்பூச்சியின் கிளை அதிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஓரகிராமாவின் குடும்பம் 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பறந்தது. அப்போது வண்ணத்துப்பூச்சி என்ற ஒன்றே கிடையாது. ஓரகிராமாவின் குடும்பம் பூக்காத விதைத் தாவரங்களில் ஊறிய துளியை நீண்ட உறிஞ்சுகுழலால் குடித்திருக்கும் என்று 2016-ல் ஆய்வாளர் லபாண்டேராவின் குழுவினர் எழுதினார்கள். ஆந்தை வண்ணத்துப்பூச்சிக்கோ அழுகிய பழச்சாறு. குடிக்கிற வேலை ஒன்று என்பதால் குழலும் ஒன்றுபோல் நீண்டது, அவ்வளவுதான்.

செதிலையும் நம்பாதே, அது இரண்டிலும் உண்டு. படத்தைப் பெரிதாக்கி நரம்பைப் பார். ஓரகிராமாவில் நீள நரம்புகளுக்கு நடுவே குறுக்கு நரம்புகள் வலையாக நெருங்கிக் கிடக்கும். வண்ணத்துப்பூச்சியில் குறுக்கு நரம்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதியெல்லாம் வெறும் கட்டம். வம்சம் அங்கே தெரியும்.

'ஆந்தையின் முகத்தைக் காட்டி மிரட்டுகிறது' என்ற வரியும் வேண்டாம். செத்த பூச்சியின் இறக்கைகளை விரித்து, அடிப்பக்கம் தெரியத் தலைகீழாகப் பிடித்தால்தான் அந்த முகம் கிடைக்கும். உயிரோடு இறக்கை மடக்கி மரத்தில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துக்கு ஒரு பெரிய கண்தான். அது பல்லியை மிரட்டவா, கொத்து உடம்பில் விழாமல் இறக்கை ஓரத்துக்குத் திருப்பவா என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நீ முந்திக்கொண்டு தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

இரண்டாம் பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரு இறக்கைகளின் நரம்புகளையும் நீயே பென்சிலால் வரை. எடுத்து ஒட்டாதே, வரையும்போதுதான் கண்ணில் படும். வரைந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா