மால்புராவில் காற்று பார்ப்பவர்

ஆக்ராவில் பாராசூட் பயிற்சி கொடுத்தவன் என்று தெரிந்தால் போதும், ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "குடை விரியலைன்னா என்ன சார் பண்ணுவீங்க?" மார்பில் ரிசர்வ் குடை இருக்கிறது, இழுப்போம். அது என்னைப் பெரிதாகக் கவலைப்படுத்தியதில்லை. விமானப்படையின் அந்தப் பயிற்சிப் பள்ளியில் நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை தரையைத் தொடும் நொடியில் நேர்ந்தவை. கணுக்கால், முழங்கால், சில சமயம் இடுப்பு.

அதனால்தான் விமானம் ஏற்றுவதற்கு முன், பையன்களுக்கு அலுத்துப்போகும் வரை மேடையிலிருந்து மணலில் விழவைப்போம். இரு பாதங்களும் முழங்கால்களும் ஒட்டியிருக்க வேண்டும். பாதத்தின் முன்பகுதி, கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகின் பக்கவாட்டு என்ற வரிசையில் உடம்பு உருள வேண்டும். கண் தொடுவானத்தில் இருக்கட்டும். தரையைப் பார்ப்பவன் தன்னையறியாமல் ஒரு காலை நீட்டுவான். மொத்த எடையும் அந்த ஒரு காலில் இறங்கும்.

விமானத்துக்குள் எனக்கு முக்கியமாகப் பட்டது, 'ஹூக் அப்' ஆனதும் நடக்கும் சோதனை. கொக்கியைக் கேபிளில் மாட்டி, இழுத்துப் பார்த்து, பூட்டு விழுந்ததா என்று பார்த்தபின், முன்னால் நிற்பவனின் முதுகு உங்கள் பொறுப்பு. கண்ணால் பார்த்தால் போதாது. அவனுடைய ஸ்டாட்டிக் லைனை, அதாவது குடையை இழுத்துத் திறக்கும் பட்டையை, விரலால் தடவிக்கொண்டே முதுகுப் பை வரை போங்கள். பட்டை அக்குளுக்கு அடியில் நுழைந்திருந்தால், அவன் வெளியே பாயும்போது அதே பட்டை கையை முறித்துவிடும். ஏ.என்.-32 விமானம் போடும் இரைச்சலில் வாயால் சொல்லித் திருத்த முடியாது. தோளைத் தட்டி நிறுத்தி, கையால் எடுத்துவிட வேண்டும். இதைச் சடங்காகச் செய்பவர்களிடம் நான் கடுமையாகவே இருந்தேன்.

வெளியே வந்ததும் எண்ணிக்கை. நாலு எண்ணி முடிப்பதற்குள் குடை விரிந்திருக்க வேண்டும், அண்ணாந்து பாருங்கள். கயிறு முறுக்கியிருந்தால், தோளிலிருந்து கயிறுகளுக்குப் போகும் ரைசர் பட்டைகளை இரு பக்கமும் விரித்துப் பிடித்து, சைக்கிள் மிதிப்பதுபோல் காலை உதையுங்கள், பிரிந்துவிடும். கீழே இருப்பவனுக்குத்தான் வழி. அவன் குடைக்கு நேர் மேலே போனால் உங்கள் குடைக்குக் காற்று கிடைக்காது, சுருங்கிவிடும்.

காற்று தனிக் கதை. வழக்கமான உயரம் 1,250 அடி; இறங்க ஏறத்தாழ ஒரு நிமிடம். 10 நாட் வேகக் காற்று அந்த ஒரு நிமிடத்தில் உங்களை 300 மீட்டர் தள்ளிவிடும். அங்கே மரமோ மின்கம்பியோ இருக்கலாம். அமெரிக்க ராணுவம் பயிற்சிக் குதிப்புக்குத் தரைக்காற்று 13 நாட்டைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறது. நாங்கள் குதித்து இறங்கும் மால்புரா மைதானத்தில் காற்றை அளந்து, 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரியைப் பையன்கள் முறைப்பார்கள். குதிப்பவனின் வீரத்தைவிட அவருடைய பிடிவாதத்துக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

2015இல் கிரிக்கெட் வீரர் தோனி ஆக்ராவில் ஐந்து முறை குதித்து, பாராசூட் வீரருக்கான விங் சின்னத்தை வாங்கியதிலிருந்து, ஐந்து குதித்தால் வேலை முடிந்தது என்ற எண்ணம் பரவிவிட்டது. விங் கிடைத்தபின்தான் ஆயுதமும் மூட்டையும் கட்டிக்கொண்டு இருட்டில் குதிக்கும் வேலை வழக்கமாகும். மூட்டையைத் தரைக்கு மேலே சுமார் 200 அடியில் கயிற்றில் இறக்கிவிட மறந்தால், அந்தப் பாரத்தோடுதான் தரையில் மோதுவீர்கள்.

அடிபட்டால் டாக்டரிடம் காட்டத் தயங்குபவர்களுக்கு ஒன்று: குதிப்பவர்களில் டாக்டர்களும் உண்டு. முதன்முதலில் குதித்த இந்தியர்களில் ஒருவரான ஏ.ஜி. ரங்கராஜே ராணுவ டாக்டர்தான். 1951இல் கொரியாவில் அமெரிக்கப் படையோடு குதித்த இந்திய மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். ஆகவே ஆக்ராவுக்குப் போகும் தம்பிகளே, முதல் குதிப்பில் கணுக்கால் பிசகினால், விங் கைநழுவிவிடுமே என்று இறுகக் கட்டிக்கொண்டு மறுநாள் வரிசையில் நிற்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். மிச்சக் குதிப்புகளைக் கால் ஆறியபின் முடித்துக்கொள்ளலாம்.