சைக்கிள் செயலிக்குச் சந்தா தேவையா?

ஓட்டிய தூரத்தையும் வேகத்தையும் பதிவுசெய்ய மட்டும் யாரும் சந்தா கட்ட வேண்டாம். அந்த வேலையைச் செய்வது போனில் உள்ள ஜிபிஎஸ். ஸ்ட்ராவா செயலியின் இலவசப் பதிப்பே அதைக் குறித்துவைக்கும். காசு கேட்கும் இடம் வழித்திட்டம். 2020 மே மாதத்தில் ஸ்ட்ராவா அந்த வசதியைச் சந்தாதாரர்களுக்கு ஒதுக்கிவிட்டது. அதற்கும் மாற்று உண்டு. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எல்லோருக்கும் பொதுவான வரைபடம். அதை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் போகும் பகுதியை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத மலைச்சாலையிலும் செலவின்றிச் சைக்கிளுக்கு வழி காட்டும்.

பணம் கட்டினால் நம் தகவல் பத்திரமாக இருக்குமே என்று சிலர் கேட்கலாம். அப்படிச் சொல்ல முடியாது. 2018 ஜனவரியில், பயனர்கள் சென்ற தடங்களைக் காட்டும் ஸ்ட்ராவாவின் உலக வரைபடம் ராணுவ முகாம்களையே காட்டிக்கொடுத்தது. காப்பது சந்தா அல்ல, அமைப்புகளில் வீட்டு முகவரியை மறைத்துவைப்பதுதான், அது இலவசம். ஆனாலும் இதயத் துடிப்பை அலசிப் பயிற்சி செய்வோருக்கும், வாராவாரம் புது ஊருக்கு நெடுந்தூரம் போவோருக்கும் சந்தா நிச்சயம் பயன்தரும். அவர்களும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்க்கலாம். தானாகப் புதுப்பிப்பதை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.