விண்டோஸ் 11-க்கு மாறும் முன்…

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எனவே பலரும் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள். அவசரப்படாமல் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. தகுதி: 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 சிப் ஆகியவை தேவை. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' புரோகிராமை இயக்கினால், உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா என்று தெரிந்துவிடும்.

2. பேக்அப்: டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் இரண்டுமே பொதுவாக சி டிரைவில்தான் உள்ளன. ஃபார்மெட் செய்தால் எல்லாம் போய்விடும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து, வேறொரு கம்ப்யூட்டரில் நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்அப்.

3. தமிழ் எழுத்துரு: வந்தவாசியில் பாய் வியாபாரம் செய்யும் என் மாமாவின் கம்ப்யூட்டரை ஃபார்மெட் செய்து, புது விண்டோஸ் போட்டேன். பத்து வருடக் கணக்கும் கடிதங்களும் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. "எல்லாம் போச்சாப்பா?" என்றார். ஃபைல்கள் பத்திரமாகவே இருந்தன. யூனிகோடுக்கு முந்தைய அந்தத் தமிழ் எழுத்துருதான் இல்லை. பழைய சிடியிலிருந்து அதை நிறுவியதும் தமிழ் வந்துவிட்டது. எனவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபாண்ட்ஸ்' ஃபோல்டரில் உள்ள உங்கள் தமிழ் எழுத்துருக்களையும் காப்பி செய்துகொள்ளுங்கள்.

4. நிறுவுதல்: ஃபைல்களையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள்ளும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள்.

5. அந்தரங்கம்: செட்டிங்ஸில் 'பிரைவசி' பகுதிக்குச் சென்று இருப்பிடம், விளம்பர ஐடி, கூடுதல் டயக்னாஸ்டிக் தகவல் ஆகியவற்றை 'ஆஃப்' செய்யுங்கள்.

பிடிக்கவில்லையா? பொதுவாக 10 நாட்களுக்குள் 'ரிகவரி' பகுதியிலுள்ள 'கோ பேக்' மூலம் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். அதுவரை பேக்அப்பை அழிக்காதீர்கள்!